நூருன்னிசா சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

உம்மு ஹானி எட்டு வருஷம் இங்கிலாந்தில் குடியிருந்தவள் என்று சொன்னால், பழவேற்காட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். காலையில் ஏரிக்கரைக்கு வந்து கொஞ்சம் இறாலோ கெளுத்தியோ வாங்கிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி, யார் முகத்தையும் பார்க்காமல் தெருவுக்குள் திரும்பிவிடுகிற ஒடிசலான பெண் அவள். அவள் வாயிலிருந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

அவள் புருஷன் மக்பூல் மீசை முளைக்கும் முன்பே கப்பல் வேலைக்குப் போனவன். ஒரு கட்டத்தில் கப்பலை விட்டு இறங்கி, லெஸ்டர் என்ற ஊரில் காலுறை பின்னுகிற மில் ஒன்றில் சேர்ந்துகொண்டான். 1976-இல் மனைவியையும் இரண்டு வயது மகள் நூருன்னிசாவையும் அங்கே வரவழைத்துக்கொண்டான்.

உம்மு ஹானிக்கு அந்த ஊர் பிடிபடவேயில்லை. பனியும் நிலக்கரிப் புகையும் கலந்த தெரு. மதியத்திலேயே இருட்டிவிடும் மாதங்கள். பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். மகள் வளர்ந்ததும் தாய்க்கு நாக்கு கிடைத்தது போல ஆயிற்று. டாக்டரிடம், கடையில், தபால் ஆபீசில் எல்லாம் நூருன்னிசாதான் பேசினாள்.

"உம்மா, முட்டை வேணும்னு நீயே கேளேன். நாலே வார்த்தைதான்."

"எனக்கு எதுக்குடி? அதான் நீ இருக்கியே."

மகளுக்கு இங்கிலீஷ் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்தது. அந்த ஊர்ச் சனங்கள் பேசுகிற வாடையிலேயே வந்தது. அவர்கள் கப் என்று சொல்லமாட்டார்கள், குப் என்பார்கள். பஸ் அங்கே புஸ். சூரியன் சுன். அம்மா மும். தமிழோ உம்மாவிடமிருந்து மட்டுமே வந்தது. ஆகவே அது கலப்பில்லாத பழவேற்காட்டுத் தமிழ். என்ன என்பதற்கு இன்னா, உட்கார் என்பதற்குக் குந்து.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அந்த ஊருக்கு வரத் தொடங்கின. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தால் வாரக்கணக்கில் வாயே திறக்காது. அந்தப் பள்ளியில் மிஸஸ் ப்ரையர் என்று ஒரு டீச்சர் இருந்தார். வேறு நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எழுத்தும் படிப்பும் சொல்லித்தர, கம்ப்யூட்டரில் ஓடுகிற பாடம் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். திரையில் ஒரு படம் வரும். பக்கத்தில் ஒயரால் இணைத்திருக்கும் டேப்ரிக்கார்டரிலிருந்து ஒரு குரல், பிள்ளையின் சொந்த மொழியில் பேசி, பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லி, ஒரு கேள்வி கேட்கும். உடனே கம்ப்யூட்டர் டேப்பை நிறுத்திவிடும். பிள்ளை பதில் சொல்லி, திரையில் எழுத்துகளைத் தட்டி முடிக்கிற வரைக்கும் டேப் ஓடாது. ஒரு நிமிஷம் ஆனாலும் சரி, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, அப்படியே நிற்கும். பதில் வந்ததும் மறுபடி குரல் கிளம்பும்.

குஜராத்தி, பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே டேப் இருந்தது. தமிழுக்கு இல்லை. பெரியவர்கள் குரல் என்றால் வந்த பிள்ளைகள் மிரளுகிறார்கள், ஒரு சின்னப் பிள்ளையின் குரலாக இருக்கட்டும் என்று மிஸஸ் ப்ரையர் நூருன்னிசாவைக் கேட்டார். எதிரொலி வராமல் இருக்க ஒரு அறையின் சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, மகளை மைக்கின் முன்னால் உட்காரவைத்தார்கள். உம்மு ஹானி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இருமக்கூடக் கூடாது என்று மகள் விரலை உதட்டில் வைத்துக் காட்டியிருந்தாள்.

"வா, குந்து. பயப்படாத. உன் பேரு இன்னா?" என்று அவள் ஆரம்பித்தாள். 'உங்கம்மா எங்கே' என்று கேட்கிற இடத்தில், வாய் தவறி, "உங்க உம்மா…" என்று சொல்லி நிறுத்தி, "அம்மா எங்க?" என்று திருத்திக்கொண்டாள். மிஸஸ் ப்ரையருக்குத் தமிழ் தெரியாது. அது அப்படியே பதிவாகிவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் 'இன்னா'வையும் 'குந்து'வையும் கேட்டு முதலில் சிரித்தார்களாம். மாதக்கணக்கில் ஊமையாக இருந்த ஒரு பையன் சிரித்த அன்றைக்கே பேச ஆரம்பித்தான் என்று மிஸஸ் ப்ரையர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். நூருன்னிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் டீச்சர் விளையாட்டுத்தான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் லீவில் மூவரும் ஊருக்கு வந்தார்கள். நூருன்னிசாவுக்குப் பத்து வயது. லைட்ஹவுஸ் பார்க்கவேண்டும் என்று நச்சரித்தாள். உம்மு ஹானிக்கு அன்று காய்ச்சல். அவளுடைய அக்கா பரீதா, தன் இரண்டு பிள்ளைகளையும் இவளையும் கூட்டிக்கொண்டு, தோணிரேவு என்ற மீனவக் குப்பத்து வரதனின் படகில் ஏரியைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனாள். பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேற்கே மேகம் கட்டி, ஒரே வீச்சாகக் காற்று வந்து படகைக் கவிழ்த்துவிட்டது. வரதன் பரீதாவையும் அவள் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக் கழிமுகத்து மணல்திட்டில் போட்டான். நான்காவது ஆளை அவன் மூழ்கி மூழ்கித் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் வலை போட்டவர்கள் கண்டெடுத்தார்கள்.

"கடைசியா இன்னா பேசினா?" என்று உம்மு ஹானி அக்காவிடம் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? படகுக்காரன் பக்கத்துல போயி குந்திகிட்டா. அவன்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ பேசிக்கிட்டே வந்தா" என்றாள் பரீதா. அதற்கு மேல் அவளைக் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மக்பூல் லீவு முடிந்து திரும்பினான். உம்மு ஹானி போகவில்லை. மகள் இல்லாமல் அந்த ஊரில் அவளுக்கு வாய் இல்லை. மகளை அடக்கிய கபரஸ்தான் இங்கே இருக்கிறது. மாமனார் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்துகொண்டாள். படகுக்காரன் வரதன் அதற்குப் பிறகு ஆட்களை ஏற்றுவதை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டாள். வரதன் அவள் கண்ணில் படவே இல்லை. அவள் வருகிற நேரம் பார்த்து அவன் கரையைவிட்டு ஒதுங்கிப்போவதாகச் சொன்னார்கள்.

1986-இல் மக்பூல் லீவில் வந்தபோது இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தான். அவற்றை வீட்டு வாசலில்கூட இறக்கவில்லை. வண்டியோடு நேரே ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினான்.

"அது இன்னா?" என்று உம்மு ஹானி கேட்டாள்.

"பள்ளிக்கூடத்து மிஷின். அங்க புதுசு வாங்கிட்டாங்க. பழசை நம்ம ஊருப் புள்ளைங்களுக்குக் குடுத்து அனுப்பிச்சாங்க."

வேறு எதுவும் சொல்லவில்லை. லீவு முடிந்து போய்விட்டான்.

தலைமையாசிரியர் ஞானதாஸ் அந்த ஊருக்குப் புதிது. படகு கவிழ்ந்த கதை அவருக்குத் தெரியாது. மெட்ராசில் இருந்த ஒரு சிநேகிதரை வரவழைத்து, மின்சாரம் ஏறி இறங்கினால் தாங்குவதற்கு ஒரு ஸ்டெபிலைசர் வைத்து, மிஷினை ஓடவைத்தார். திரையில் வந்த படங்கள் எல்லாம் வேற்று ஊர்ப் படங்கள். பனிமூட்டத்தில் சிவப்பு பஸ், கம்பளிச் சட்டை போட்ட பையன், கதவோரம் பால் பாட்டில். தோணிரேவுப் பிள்ளைகள் பால் பாட்டிலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் டேப்பில் பேசிய பெண் அவர்களைப் போலவே பேசினாள். அதுதான் அவர்களுக்குப் பெரிய அதிசயம்.

மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை, உம்மு ஹானி கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். திறந்த ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"வா, குந்து. பயப்படாத. உன் பேரு இன்னா?"

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். உள்ளே ஒரு பெண் குழந்தை பதில் சொன்னது. எழுத்துகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி அந்தக் குரல்.

"உங்க உம்மா… அம்மா எங்க? வேர் இஸ் யுவர் மும்?"

டக் என்று டேப் நின்றது. மிஷின் முன்னால் இருந்த பெண்ணுக்குப் பதில் மறந்துபோயிருக்க வேண்டும். யாரும் பேசவில்லை. கேட்டவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். உம்மு ஹானி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, "இங்கதான் இருக்கேன்" என்றாள்.

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதாஸ் வெளியே வந்தார்.

"இன்னாம்மா? யாரு வேணும்?"

"பேசுறாளே, அந்தப் பொண்ணு."

"அது டேப்பும்மா. வெளிநாட்டுல பதிஞ்சது."

"தெரியும் சார். பதியறப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ என் பொண்ணு."

ஞானதாஸுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வராந்தாவில் போட்டார். உம்மு ஹானி அன்று பள்ளி விடும்வரை அதில் இருந்தாள். பெட்டியை ஏன் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. புருஷன் மேல் கோபம் வந்தது. கத்துவதற்கு அவன் ஊரில் இல்லை.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பிள்ளைகளோடு பேசவில்லை. குரலைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். எந்தப் பிள்ளையாவது பதில் தெரியாமல் விழித்து, டேப் நின்றுகொண்டே இருந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து போய் வாசற்படியில் நின்று, "சொல்லிடு கண்ணு, அவ காத்துகிட்டு இருக்கா" என்பாள். அப்படி அவள் சொல்வதைக் கேட்டுச் சில பிள்ளைகளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

தோணிரேவில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆனால் முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நிறுத்தியவன் வரதன். அவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் எட்டியிருக்கவில்லை.

அவன் மகள் வேலம்மாவுக்கு ஒன்பது வயது. அப்பன் விடியற்காலையில் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, கிழக்கே கை நீட்டினாள்.

"நைனா, அது இன்னா தெரியுமா? சுன்."

வரதன் கையிலிருந்த வலை கீழே விழுந்தது. "இன்னா சொன்னே?"

"சுன். நீ சொல்லு பாக்கலாம்."

"யாருடி இத்த உனுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"மிஷின்ல ஒரு அக்கா."

அன்றோடு வேலம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் என்று அவன் வாய் திறந்து சொல்லவுமில்லை. அவன் பெண்டாட்டி குப்பம்மா கரையில் விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஊரையே கூட்டிவிட்டாள்.

"ஏரி எடுத்துகினு போன பொண்ணு, இப்ப நம்ம புள்ளைங்கள வா குந்துன்னு கூப்புடுது. நம்ம ஆம்பளைங்க அதே தண்ணிலதான் இறங்குறாங்க. உங்களுக்கு பயமா இல்லியா?"

ஒரு வாரத்தில் தோணிரேவுப் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. ஞானதாஸ் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அவருக்கே சில நாள் மாலையில் அறையைப் பூட்டும்போது மிஷினுக்கு முதுகைக் காட்ட ஒரு மாதிரி இருந்தது என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கடைசியில் கேசட்டை எடுத்துக்கொண்டு உம்மு ஹானி வீட்டுக்குப் போனார்.

"அம்மா, இது உங்க பொண்ணு. உங்ககிட்ட இருக்கறதுதான் முறை. நான் படத்தை மட்டும் வெச்சிப் பாடம் நடத்திக்கறேன்."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மக்பூல் முன்னொரு தடவை கொண்டுவந்திருந்த டேப்ரிக்கார்டர் பீரோ மேல் இருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு, பாயில் உட்கார்ந்து, அதை மடிக்கு நேரே வைத்து ஓடவிட்டாள்.

"வா, குந்து. பயப்படாத. உன் பேரு இன்னா? வாட்ஸ் யுவர் நேம்? ஓ, நல்ல பேரு! இது இன்னா? இது ஒரு குப். இது எதுக்கு? ஆமா, சரியாச் சொன்ன! உங்க உம்மா… அம்மா எங்க? வேர் இஸ் யுவர் மும்? கெட்டிக்காரி! இப்ப எழுது…"

கேள்விகளுக்கு நடுவில் இடைவெளியே இல்லை. டேப்பை நிறுத்திவைத்தது கம்ப்யூட்டர்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தச் சாதாரணப் பெட்டியில் மகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டே போனாள். யாரும் பதில் சொல்லாததற்கெல்லாம் மெச்சிக்கொண்டாள். உம்மு ஹானி "இங்க இருக்கேன்" என்று தொடங்குவதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விட்டிருந்தாள். மறுபடி சுற்றிவிட்டு, கேள்வி வரும் நேரம் பார்த்து விரலால் அழுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஒன்று வார்த்தை அறுந்தது, இல்லை தாண்டிவிட்டது. கடைசியில் அந்தக் குரல் யாரோ அவசரக்காரப் பிள்ளையின் குரல் மாதிரி ஆகிவிட்டது. அவள் டேப்பை நிறுத்திவிட்டு, பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கேசட்டோடு பள்ளிக்கூடம் போனாள்.

"சார், வெச்சிக்குங்க. வீட்டுல அவ நிக்கமாட்டேங்கறா. ஓடிகிட்டே இருக்கா. இங்கதான் நின்னு கேக்கறா."

"புள்ளைங்க வரமாட்டேங்கறாங்களேம்மா. யாரு பதில் சொல்றது?"

அன்று மத்தியானமே, வாழ்க்கையில் முதல் தடவையாக, தனியாகத் தோணிரேவுக்கு நடந்து போனாள். ஏரியோரமாகப் போகிற பாதை. தண்ணீர்ப் பக்கம் அவள் திரும்பவில்லை.

வரதன் குடிசை நிழலில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். ஓட வழியில்லாமல் நின்றான். குப்பம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

"உன் பொண்ணை ஏம்ப்பா நிறுத்தினே?" என்று கேட்டாள் உம்மு ஹானி.

"அக்கா…"

"பயமா?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்ககிட்ட வந்து சொல்லணும்னு எத்தினியோ தபா உங்க தெரு முனை வரைக்கும் வந்துகீறேன்க்கா. அதுக்கு மேல கால் வரல. அன்னிக்கி பாப்பா என் பக்கத்துல வந்து குந்திகிச்சி. அண்ணா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமான்னுச்சி. தெரியாது கண்ணுன்னேன். நான் டீச்சர், நான் கத்துக்குடுக்கறேன்னுச்சி. தண்ணியக் காட்டி ஒண்ணு சொல்லும். படகக் காட்டி ஒண்ணு சொல்லும். சொல்லிட்டு வாய மூடிகினு என் மூஞ்சியவே பாக்கும். நான் திருப்பிச் சொல்ற வரிக்கும் கண்ணு சிமிட்டாது. சொன்னா கை தட்டும். நான் கழி ஊனிகினே சொல்லிகினு வந்தேன். சூரியன சுன்னுன்னுச்சி. நானும் சுன்னுன்னேன்."

உம்மு ஹானி அவன் முன்னால் மணலில் உட்கார்ந்தாள்.

"அப்பறம்?"

"அப்பறம் மேகம் வந்து மூடிச்சி. உடனே கேட்டுச்சி, 'சுன் எங்க போச்சி?' அப்படின்னு. நான் மேல பாத்தேன். பதில் சொல்றதுக்குள்ள காத்து அடிச்சிட்சி." அவன் ஏரிப் பக்கம் கை நீட்டினான். "அது இன்னும் பாத்துகினே கீதுக்கா. நான் ஏரில கழி போட்டா எதிர்ல குந்திகினு பாக்குது. எந்தப் பதிலச் சொன்னாலும் போவல. என் பொண்ணு வாயில அதே வார்த்த, அதே மாதிரி வந்தப்ப… நான் இன்னா பண்ணுவேன்?"

"பயந்தாளா?"

"காத்து அடிக்கற வரிக்கும் சிரிச்சிகினுதான் இருந்துச்சி. அதுக்கப்பறம் எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்யி."

குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உம்மு ஹானிக்கு அழுகை வரவில்லை. மகள் கடைசியில் என்ன பேசினாள் என்று இரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. மகள் அந்தக் கம்பளி தொங்கிய அறையில் பேசியது மாதிரியே பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். பக்கத்தில் உம்மா இல்லை, அவ்வளவுதான்.

எழுந்து மணலைத் தட்டினாள். "வேலம்மாவ என்கூட அனுப்பு" என்றாள். "அவ யாரையும் கூப்பிட்டுகிட்டுப் போறவ இல்ல. பதில் சொன்னா சந்தோசப்படுவா. சொல்லாம விட்டாத்தான்…" முடிக்கவில்லை.

வரதன் குப்பம்மாவைப் பார்த்தான். அவள் உள்ளே போய் மகளுக்குத் தலை வாரிவிட்டு, கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். ஊர் முழுக்கப் பார்த்திருக்க, செத்த பெண்ணின் தாயும் படகுக்காரன் மகளும் கைகோத்துக்கொண்டு ஏரியோரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மற்ற பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். சில பேர் வரவேயில்லை. வரதனை எத்தனையோ தடவை ஞானதாஸ் கூப்பிட்டும் அவன் அந்த அறைக்குப் பக்கத்தில் வரவில்லை.

இரண்டு வருஷம் மிஷின் ஓடியது. அந்தப் பிள்ளைகளின் இங்கிலீஷ் எங்கும் கேட்காத இங்கிலீஷாக இருந்தது. சோதனைக்கு வந்த ஒரு கல்வி அதிகாரி, "குப்பாவது, புஸ்ஸாவது! யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஞானதாஸைக் கடிந்துகொண்டார். உம்மு ஹானி தெருவில் நடந்தால், கோலி விளையாடும் பிள்ளைகள் வம்புக்கு இங்கிலீஷ் பேசுவார்கள். ஒரு குரல் மகளுடையதுபோல இருக்கும், திரும்புவாள். மறுபுறத்திலிருந்து இன்னொன்று கேட்கும். சில நாள் அதற்காகவே தெருவில் இறங்கினாள். சில நாள் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

உப்புக்காற்று மிஷினை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. 1988 மழையில் அது நின்றது நின்றதுதான். கேசட்டில் பூஞ்சை பிடித்து நாடா அறுந்தது. ஞானதாஸ் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த ஆசிரியர் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தினார். அவர்மேல் குற்றமில்லை, பரீட்சை இருக்கிறதே. பிள்ளைகள் ஒவ்வொருவராக மாறினார்கள். வேலம்மா பொன்னேரிப் பள்ளிக்குப் போய், அங்கே எல்லாரும் சிரித்த பிறகு, அவளும் மாறினாள். ஒரு நாள் இறால் கொடுக்க வந்தவள் ஏதோ பேச்சில் பஸ் என்று சொன்னாள். உம்மு ஹானி கூடையை வாங்கிக்கொண்டு, "சரிம்மா, போயிட்டு வா" என்றாள். கதவைச் சாத்தியதும்தான் அழுதாள். மகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்குக்கூட அப்படி அழுததில்லை.

லெஸ்டரில் அந்த மில்லை மூடியதும் மக்பூல் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வந்த மறுநாள் அவள் கேட்டாள்.

"அவ கொரல் அதுல இருக்குன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது ஹானி? அந்தப் பெட்டிய நான் தொறக்கக்கூட இல்ல. அங்க அவ பள்ளிக்கூடம் இருக்கற தெருவுல நான் நடக்கறதே இல்ல. சுத்திகிட்டுத்தான் மில்லுக்குப் போவேன்."

"அது அறுந்து போச்சி. இப்ப ஒண்ணும் இல்ல."

மக்பூல் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அங்க இருக்கு. அந்த டீச்சரம்மா நெறைய காப்பி எடுத்தாங்க. எடுக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுப்பாங்க. நானும் சரின்னேன். வேற ஊருங்களுக்கும் போயிருக்கு. வந்து இறங்குற தமிழ்ப் புள்ளைங்க எல்லாம் அதுலதான் கத்துக்குதுங்க."

உம்மு ஹானி அவனையே பார்த்தாள்.

"ஒரு நாள் பஸ்ல போறேன். யாழ்ப்பாணத்து அம்மா ஒண்ணு, சின்னப் பையனோட ஏறிச்சி. காலி சீட்டக் காட்டி அந்தப் பையன், 'அம்மா, குந்து'ன்றான். அந்தம்மா திட்றாங்க, இது எங்கயிருந்து படிச்ச வார்த்தைன்னு. பள்ளிக்கூடத்து அக்கா சொல்றதுன்றான். நான் அடுத்த ஸ்டாப்லயே எறங்கிட்டேன்."

"அந்தம்மா குந்தினாங்களா?"

"குந்தினாங்க."

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள்.

மக்பூல் கருவாடு வாங்கி மெட்ராசுக்கு அனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கினான். இருவரும் அதன் பிறகு இங்கிலாந்தைப் பற்றிப் பேசியதில்லை. ஏரிப்படகில் ஏறியதுமில்லை. ஆனால் தெருக்காரர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, உம்மு ஹானி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்காருவாள். வானொலியை நிறுத்தச் சொல்வாள். அந்த நேரத்தில் யாராவது பேச வந்தால், கையை மெல்ல உயர்த்தி, பொறு என்பது போலக் காட்டுவாள்.

லெஸ்டரில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் அது என்று மக்பூலுக்கு மட்டும் தெரியும்.